சரக்கு ஒருத்தருது, பேரு இன்னொருத்தருது!

சாயங்காலம் ஆறரை மணி. ஆபீஸ் முடிந்து, வழக்கமான டிபன் சென்டரில் தோசைக்கு டோக்கன் வாங்கிக்கொண்டு நிற்கிறேன். நண்பன் வந்தான். தோளில் லேப்டாப் பை. உள்ளே கையைவிட்டு, துண்டில் சுற்றிய ஒரு சமாசாரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தான். பிரித்தால்... பாட்டில்!

பக்கத்து மேஜையில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்த மாமி, தட்டை எடுத்துக்கொண்டு வேறு மேஜைக்குப் போய்விட்டார்.

"பயப்படாதே மச்சான், காலி பாட்டில்தான். சாம்பிள். நான் சொந்தமா ஜின் பிராண்டு ஆரம்பிக்கப் போறேன்!"

"நீயா? உனக்கு ரசம் வைக்கவே தெரியாதேடா!"

"அதுதான் விசேஷமே. நான் ஒண்ணும் காய்ச்ச வேணாம். கோவாவுல ஒரு டிஸ்டிலரிக்காரன் காய்ச்சித் தர்றான். பாட்டில்ல அடைச்சும் குடுத்துடறான். பேரு மட்டும் நம்மளுது. இதுக்குப் பேரு பிரைவேட் லேபிள்!"

இவனுக்கு என்ன பெயர் வைக்கலாம்? வேண்டாம், 'நண்பன்' என்றே இருக்கட்டும். வயது முப்பத்திநாலு, ஒரு தனியார் கம்பெனியில் உத்தியோகம். கையில் காசு கிடையாது. அப்பா மின்வாரியத்தில் ரிடையர் ஆனவர். அவருடைய பி.எஃப்., கிராஜுவிட்டி எல்லாம் சேர்ந்து 18 லட்ச ரூபாய் பாங்கில் இருக்கிறது. நண்பனின் கண் அதன் மேல்.

"அப்பா உன்னைத்தான் கேக்கணும்கறார். 'அவன் பி.காம். படிச்சவன், அவன் சரின்னா சரி'ன்னுட்டார். ஞாயித்துக்கெழமை வீட்டுக்கு வா!"

பி.காம். படித்ததற்கு என் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மரியாதை. தோசை ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

*

நான் குடிக்கிற ஆசாமி இல்லை. ஆகவே நிதானமாகவே படித்துப் பார்க்க முடிந்தது. நண்பன் சொன்னதில் பொய் கிடையாது. உலகம் முழுக்க இப்படித்தான் நடக்கிறது.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். ஒரே மெஷின், ஒரே நூல், ஒரே தையல். காலையில் ஒரு கம்பெனி டேக், மத்தியானம் இன்னொரு கம்பெனி டேக். கடையில் ஒன்று 150 ரூபாய், மற்றது 900 ரூபாய். சாராய விவகாரமும் கிட்டத்தட்ட இதேதான்.

கரும்பு ஆலையில் சர்க்கரை எடுத்த பிறகு மிஞ்சுகிற மொலாசஸ் பாகிலிருந்தோ, தானியத்திலிருந்தோ, 96 சதவிகித சுத்தமான ஸ்பிரிட் ஒன்றை வடிக்கிறார்கள். எக்ஸ்ட்ரா நியூட்ரல் ஆல்கஹால், சுருக்கமாக இ.என்.ஏ. நிறம் இல்லை, ருசி இல்லை. டாங்கர் லாரியில் வந்து இறங்கும். உப்பு நீக்கிய தண்ணீரை ஊற்றி 42.8 சதவிகிதத்துக்கு இறக்குவார்கள். நம் ஊர் பாட்டில்களில் அடிக்கடி கண்ணில் படுகிற எண் இதுதான். அதில் நிறமும் வாசனையும் சேர்த்தால் ஒன்று. ஜூனிபர் காயையும் எலுமிச்சைத் தோலையும் போட்டு மறுபடி வடித்தால் ஜின். ஒன்றுமே சேர்க்காமல் விட்டால் வோட்கா!

ஆக, டிஸ்டிலரிக்காரரிடம் இயந்திரம் இருக்கிறது, லைசென்ஸ் இருக்கிறது, ஆள் இருக்கிறது. அவருடைய இயந்திரம் மாதத்தில் பத்து நாள் சும்மா இருந்தால் அவருக்கு நஷ்டம். நம்மைப் போல ஒருவன் பாட்டிலும் லேபிளும் கொண்டுபோய்க் கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு அடைத்துத் தருகிறார். அவருக்கும் சந்தோஷம், நமக்கும் சந்தோஷம்.

அப்புறம் எதற்கு ஒரு பாட்டில் 300 ரூபாய், இன்னொன்று 3,000 ரூபாய்? அங்கேதான் கதை ஆரம்பிக்கிறது.

*

நண்பனின் குலதெய்வம் ஒரு அமெரிக்கக் கிழவர். பெயர் சிட்னி ஃபிராங்க். 1997-ல், எழுபத்தேழாவது வயதில், 'கிரே கூஸ்' என்று ஒரு வோட்காவை அமெரிக்காவில் இறக்கினார். வேடிக்கை என்னவென்றால், முதலில் அவரிடம் இருந்தது பெயர் மட்டும்தான். சரக்கு கிடையாது. பெயரை வைத்துக்கொண்டு, ஃபிரான்ஸில் கோன்யாக் ஊரில் பிராந்தி தயாரித்துப் பழக்கப்பட்ட ஃபிரான்ஸ்வா திபோ என்பவரைப் பிடித்து, கோதுமையில் வோட்கா செய்து தரச் சொன்னார். ஏன் ஃபிரான்ஸ்? செண்ட், பட்டு, ஒயின் என்று உசத்தியான சமாசாரமெல்லாம் அங்கேயிருந்துதான் வரும் என்று அமெரிக்கர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள், அதனால்!

விலை என்ன தெரியுமா? அப்போது உசத்தி என்று பெயர் வாங்கியிருந்த வோட்காவைவிடப் பல டாலர் அதிகம். கிட்டத்தட்ட 30 டாலர்.

இதில் இன்னொரு தமாஷ். வோட்கா என்றால் தனிக்குணம், மணம், ருசி, நிறம் எதுவும் இருக்கக் கூடாது என்று அன்றைக்கு அமெரிக்கச் சட்டத்திலேயே எழுதியிருந்தது. (2020-ல்தான் அந்த வரியை எடுத்தார்கள்.) ருசி இருக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிற ஒரு பொருளை, உசத்தி ருசி என்று இரட்டை விலைக்கு விற்றார் மனுஷர்!

1998-ல் சிகாகோவில் ஒரு ருசி பார்க்கும் நிறுவனம் கிரே கூஸுக்கு முதலிடம் கொடுத்தது. ஃபிராங்க் அதை விளம்பரம் விளம்பரமாகப் போட்டுத் தள்ளினார். 2004-ல் பகார்டி கம்பெனி 200 கோடி டாலருக்கும் மேலே கொடுத்து பிராண்டை வாங்கிக்கொண்டது. சின்ன வயதில் பிரவுன் பல்கலைக்கழகத்தில் ஒரே ஒரு வருஷம் படித்துவிட்டு, மேற்கொண்டு ஃபீஸ் கட்டப் பணமில்லாமல் வெளியே வந்தவர் அவர். அதே 2004-ல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஏழைப் பிள்ளைகள் படிப்பதற்காக 10 கோடி டாலர் கொடுத்தார்.

நண்பன் இந்த இடத்தில் கண் கலங்குவான். நானும் கலங்கினேன். ஆனால், கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு விஷயம் தட்டுப்படுகிறது. ஃபிராங்க் அதற்கு முன்னால் இருபது வருஷத்துக்கும் மேலாக வெளிநாட்டுச் சரக்கை இறக்குமதி செய்து அமெரிக்கா முழுவதும் விற்றுக்கொண்டிருந்தவர். யேகர்மைஸ்டர் என்கிற ஜெர்மன் சரக்கைக் காலேஜ் பசங்களிடம் பிரபலமாக்கியதும் அவர்தான். எந்த ஊரில் எந்த பார்காரர் எப்போது பணம் தருவார் என்பது அவருக்கு அத்துப்படி. ஆக, அவரிடம் இல்லாதது சரக்கு மட்டும்தான். விற்கிற ஆள்படை முழுசாக இருந்தது.

நம் நண்பனிடம்? சரக்குக்கு ஏற்பாடு இருக்கிறது. விற்கிற ஆள் ஒருத்தர்கூட இல்லை.

இன்னொரு உதாரணம், ஹாலிவுட் நடிகர் ஜார்ஜ் க்ளூனி. இரண்டு கூட்டாளிகளோடு 2013-ல் 'காஸமிகோஸ்' டெக்கீலா ஆரம்பித்தார். 2017-ல் டியாஜியோ கம்பெனி 70 கோடி டாலர் ரொக்கம், விற்பனையைப் பொறுத்து மேலும் 30 கோடி வரை என்று பேசி வாங்கியது. "பாத்தியா, நாலே வருஷம்!" என்றான் நண்பன்.

"பார்த்தேன். நீ முதல்ல ஜார்ஜ் க்ளூனி ஆயிட்டு வா!" என்றேன்.

*

இதற்கு நேர் எதிர்த் திசையில் போனவர்களும் உண்டு. அமெரிக்காவில் காஸ்ட்கோ என்று ஒரு மொத்த விலைக் கடை. உறுப்பினர் அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள். அவர்கள் 1995-லிருந்து 'கர்க்லேண்ட் சிக்னேச்சர்' என்று சொந்தப் பெயரில் பொருள் விற்கிறார்கள். முன்பு அவர்கள் தலைமை ஆபீஸ் இருந்த ஊரின் பெயர் அது. குழந்தை டயபர், காபிக்கொட்டை, பாட்டரி... அந்த வரிசையில் வோட்கா, விஸ்கி எல்லாம் உண்டு. 2021-ல் அவர்கள் இறக்கிய பர்பன் விஸ்கி பாட்டிலில், கென்டக்கியில் இருக்கிற பார்ட்டன் 1792 டிஸ்டிலரியின் பெயரையே போட்டிருந்தார்கள். கர்க்லேண்டின் ஃபிரெஞ்சு வோட்காவும் கிரே கூஸும் ஒன்றுதான் என்று ரொம்ப நாள் வதந்தி. கிரே கூஸ்காரர்கள் மறுத்துவிட்டார்கள்.

காஸ்ட்கோவுக்கு அலங்காரக் கதை தேவையில்லை. 'இந்தக் கடையில் வாங்கினால் ஏமாற மாட்டோம்' என்று ஜனங்கள் நம்புகிறார்கள், அது போதும். ஃபிராங்க்கிடம் ஆள்படை, காஸ்ட்கோவிடம் கடை. பெயரை மட்டும் நம்பி இறங்கியவர்கள் இரண்டு பேருமே இல்லை.

சரி, நம்மாள் கடை வைக்கலாமா என்றால், தமிழ்நாட்டில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 1983-ல் ஆரம்பித்த டாஸ்மாக், 2003-லிருந்து சில்லறைக் கடைகளையும் தானே நடத்துகிறது. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பது சர்க்கார். அதனால்தான் நண்பன் கோவாவுக்குத் தாவினான். அங்கே தனியார் கடைகள் உண்டு. 2017-லிருந்து அங்கே புதுப்புது ஜின் பிராண்டுகள் வந்து பேர் வாங்கியும் இருக்கின்றன.

*

ஞாயிற்றுக்கிழமை. நண்பன் வீடு. ஹாலில் ஒரு பழைய போட்டோ. கதர்ச் சட்டை, முறுக்கு மீசை. நண்பனின் கொள்ளுத்தாத்தா.

நண்பன் லேபிள் டிசைனை எடுத்து விரித்தான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதே மீசை, அதே கதர்ச் சட்டை! கீழே ஆங்கிலத்தில் ஒரு கதை. 1920-களில் கொள்ளுத்தாத்தா தன் தோட்டத்து மூலிகைகளைப் போட்டு ரகசியமாகத் தயாரித்த பானமாம். நான்கு தலைமுறையாகக் காப்பாற்றி வந்த செய்முறையாம்.

நண்பனின் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். படித்து முடித்து, மறுபடியும் முதலிலிருந்து படித்தார்.

"ஏண்டா, எங்க தாத்தா கள்ளுக்கடை மறியல்ல போலீஸ்காரன்கிட்ட அடி வாங்கி, சாகற வரைக்கும் எடது கை மடக்க முடியாம இருந்தவர்டா! அவரையா பாட்டில் மேல ஒட்டப் போறே?"

"மார்க்கெட்டிங்ப்பா... ஒரு கதை வேணும். எல்லாரும் போடறாங்க."

எல்லோரும் போடுகிறார்கள் என்பது வாஸ்தவம்தான். அப்படிப் போட்டு மாட்டிக்கொண்டவர்களும் உண்டே! அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் டெம்பிள்டன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே மதுவிலக்குக் காலத்தில் திருட்டுத்தனமாகக் காய்ச்சிய ரை விஸ்கி பிரசித்தம். அந்தச் செய்முறை என்று பெருமை பேசி 'டெம்பிள்டன் ரை' என்ற பிராண்டை விற்றார்கள். ஆனால், சரக்கு வந்துகொண்டிருந்தது பக்கத்து மாநிலத்தையும் தாண்டி, இண்டியானாவில் லாரன்ஸ்பர்க் ஊரில் இருக்கிற ஒரு பெரிய டிஸ்டிலரியிலிருந்து! ஒரு காலத்தில் ஸீகிராம் கம்பெனி நடத்தியது, 2011-லிருந்து எம்.ஜி.பி. கம்பெனி வசம். ஏகப்பட்ட பிராண்டுகளுக்கு அங்கேயிருந்துதான் ரை விஸ்கி போகிறது.

2014-ல் வாடிக்கையாளர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2015-ல் சமரசம். வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தர ஒப்புக்கொண்டு, லேபிளையும் மாற்றினார்கள். இண்டியானாவில் வடித்தது என்று அச்சடிக்க வேண்டியதாயிற்று. 2018-ல் சொந்த ஊரிலேயே டிஸ்டிலரியும் கட்டிவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது, இன்னொருவரிடம் சரக்கு வாங்கியது குற்றமாகவில்லை. விஸ்கி நன்றாக இல்லை என்றும் வழக்குப் போடவில்லை. இல்லாத கதையைச் சொன்னதுதான் வம்பாயிற்று.

"லேபிள்ல சின்ன எழுத்தைப் படிடா" என்றேன் நண்பனிடம். "தயாரித்தவர் யாரு, அடைச்சவர் யாரு, எந்த ஊர்னு அதுல இருக்கும். டெக்கீலா பாட்டில்ல 'நோம்'னு போட்டு நாலு இலக்கத்துல ஒரு நம்பர் இருக்கும். அது டிஸ்டிலரியோட நம்பர். வேற வேற பேர்ல, வேற வேற விலையில நிக்கற பாட்டில்கள்ல ஒரே நம்பர் இருந்தா, ஒரே எடத்துலேருந்து வந்ததுன்னு அர்த்தம். பெரிய எழுத்து கதை சொல்லும், சின்ன எழுத்துதான் உண்மை சொல்லும்."

அப்பா தலையை ஆட்டினார். "எங்க மின்வாரிய டெண்டர்லயும் அப்படித்தான் தம்பி. சின்ன எழுத்துலதான் ஆபத்து இருக்கும்."

*

அப்புறம் கணக்கு. நண்பன் ஒரு தாளில் அழகாக எழுதிவைத்திருந்தான். எண்கள் எல்லாம் அவனுடையவை.

முதல் தயாரிப்பு 500 கேஸ். கேஸுக்கு 12 பாட்டில். ஆக 6,000 பாட்டில். ஒரு பாட்டிலுக்கு, சரக்கு 90 ரூபாய், கண்ணாடி பாட்டில் 75, மூடி, லேபிள், அட்டைப்பெட்டி 45, அடைக்கிற கூலி 40. மொத்தம் 250. டிஸ்ட்ரிப்யூட்டருக்கு விற்பது, வரி நீங்கலாக, 400. பாட்டிலுக்கு லாபம் 150. மொத்த லாபம் 9 லட்சம்! முதல் 15 லட்சம். டிசைன், லேபிள் ரிஜிஸ்ட்ரேஷன், லொட்டு லொசுக்கு 3 லட்சம். ஆகமொத்தம் 18. அப்பாவின் பாஸ்புக்கோடு கச்சிதமாகப் பொருந்தியது. (இந்த மாதிரிக் கணக்குகள் எப்போதும் அப்பாவின் பாஸ்புக்கோடு கச்சிதமாகப் பொருந்தும்!)

நான் பேனாவை எடுத்தேன்.

"கலால் வரி யார் கட்டறது, எப்போ?"

"சரக்கு வெளியே போறதுக்கு முன்னாடி கட்டணும்..."

"டிஸ்ட்ரிப்யூட்டர் பணம் எப்போ தருவார்?"

"தொண்ணூறு நாள் ஆகும்கறாங்க."

"வரிக்கு முதல் எங்கே? பாட்டிலுக்கும் லேபிளுக்கும் கட்டற ஜி.எஸ்.டி.?"

"அதைக் கழிச்சுக்கலாமே!"

அங்கேதான் சறுக்கல். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது, குடிக்கிற சாராயத்தை அதற்கு வெளியே வைத்துவிட்டார்கள். சோப்புக் கம்பெனிக்காரர், அட்டைப்பெட்டிக்குக் கட்டின ஜி.எஸ்.டி.யைத் தன் வரியில் கழித்துக்கொள்வார். சாராயக் கம்பெனிக்காரர் கழிக்க முடியாது. கட்டினது கட்டினதுதான், செலவுக் கணக்கு.

"வேற மாநிலத்துல விக்கணும்னா?"

"அங்கே தனியா லேபிள் ரிஜிஸ்ட்ரேஷன், தனி ஃபீஸ்..."

சாராயம் மாநில அரசுகளின் சமாசாரம். ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு சட்டம், ஒரு வரி. குஜராத்திலும் பீகாரிலும் மதுவிலக்கு. ஒரே நாட்டுக்குள் ஒரு பாட்டில், வெளிநாடு போகிற மாதிரி எல்லையில் காகிதம் காட்டிக்கொண்டு போகிறது!

"சரி, விளம்பரம்?"

பதில் இல்லை. டி.வி.யில் சாராய விளம்பரம் கூடாது. பெரிய கம்பெனிகள் சோடா, தண்ணீர், பாட்டு சி.டி. என்று அதே பெயரில் வேறெதையாவது காட்டிச் சமாளித்தார்கள். அதற்கும் கோடி வேண்டும். போதாக்குறைக்கு, 2019-லிருந்து எல்லா பாட்டிலிலும் 'இது உடம்புக்குக் கேடு' என்று எச்சரிக்கை கட்டாயம். என்னை வாங்காதே என்று தானே சொல்லிக்கொண்டு கடையில் உட்கார்ந்திருக்கிற சரக்கு. அதை விளம்பரம் இல்லாமல் விற்க வேண்டும்.

"அப்போ விக்கறதுக்குன்னு உன் தாள்ல எவ்வளவு எழுதியிருக்கே?"

நண்பன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்த வரியே இல்லை.

"மச்சான், முதல் 12 பாட்டிலை பார்காரன் உன் மூஞ்சிக்காக வாங்குவான். காலேஜ் ஃப்ரெண்டு வாங்குவான், ஒண்ணுவிட்ட மச்சினன் வாங்குவான். அது மொய். ரெண்டாவது தடவை அதே பார்காரன் போன் பண்ணி 'இன்னும் 12 அனுப்புங்க'ன்னா, அதுதான் வியாபாரம். உன் தாள் முதல் ஆர்டரோட முடியுது. ரெண்டாவது ஆர்டர் வர்றதுக்குள்ள ஆகற செலவு அதுல ஒரு பைசாகூட இல்லை. உன் லாபம் ஒம்பது லட்சம் காகிதத்துல இருக்கும். காசு தெருவுல நிக்கும். லாபம் வேற, கைக்காசு வேறடா!"

யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, சுவரில் மாட்டியிருந்த போட்டோவின் தூசியைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "பிசினஸ் பண்ணட்டும், வேணாங்கலை. தாத்தாவை விட்டுடச் சொல்லு தம்பி" என்றார், அவ்வளவுதான்.

*

முடிவு நான் சொல்லவில்லை, அப்பாதான் சொன்னார். 15 லட்சத்தைத் தபால் ஆபீஸ் மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டார். 3 லட்சத்தை மகன் கையில் கொடுத்தார். "இது போனாலும் நான் கேக்க மாட்டேன். ஆனா ஒரு வருஷம் இந்தத் தொழில்ல யாருகிட்டயாவது வேலை பாத்துட்டு வந்து, அப்புறம் உன் பாட்டிலைக் காட்டு."

நண்பனுக்கு வருத்தம். என் மேல் கோபம். இரண்டு மாதம் டிபன் சென்டர் பக்கமே வரவில்லை. வேலையை விட்டுவிட்டு கோவாவுக்குப் போனான் என்று கேள்விப்பட்டேன். அங்கே ஒரு டிஸ்ட்ரிப்யூட்டரிடம் சேல்ஸ்மேன். வெயிலில் ஸ்கூட்டரில் சாம்பிள் பையை மாட்டிக்கொண்டு பார் பாராக ஏறி இறங்குகிற உத்தியோகம். பார் முதலாளிகள் மத்தியானம் தூங்குவார்கள் என்பதையே அங்கே போய்த்தான் தெரிந்துகொண்டானாம்.

போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு போன்.

"மச்சான்! ரெண்டாவது ஆர்டர் வந்துடுச்சு! அதே பார், மூணு கேஸ்! அவரே போன் பண்ணினார்!"

"அட! உன் பிராண்டா?"

"இல்லடா, எவனோ ஒருத்தன் பிராண்டு. சரக்கு இன்னொருத்தன் காய்ச்சினது."

"அப்புறம் எதுக்குடா இப்படிக் குதிக்கறே?"

"வித்தது நான் மச்சான்!"